புதுப்பிக்கிறோம், அணைத்துவிடாதீர்கள்

நீலத் திரை. நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஒன்றன் பின் ஒன்றாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, கணினியை அணைத்துவிடாதீர்கள். பக்கத்தில் முப்பது சதவீதம் என்று ஒரு கணக்கு.

அந்த முப்பது நகரவே இல்லை.

அறைக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். ஜன்னலையும் சாத்தியிருந்தேன். சத்தம் கேட்கக் கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்ததால் முதுகில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த ஒரு பரீட்சைக் கண்காணிப்பாளர் எனக்காகக் காத்திருந்தார். அவர் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் என் பரீட்சை ரத்து.

நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். பலமாக விட்டால் அந்த எண் பின்னால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் நர்ஸாக முதல் ஊசி போட்ட நாளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு அம்மா, "அன்னைக்குக் கை நடுங்கலையா மிஸி?" என்று கேட்டார். நடுங்கவில்லை. ஊசியும் இரத்தமும் என்னைப் பயமுறுத்தியதில்லை. என் கை நடுங்கியது இந்த நீலத் திரைக்கு முன்னால்தான்.

ஒரே ஒரு சனிக்கிழமை

வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரி என்னை வேலைக்கு எடுக்கத் தயாராக இருந்தது. ஆங்கிலப் பரீட்சையில் தேறியதற்கான சான்றிதழ் மட்டும் வேண்டும். அதையும் அந்த மாத முடிவுக்குள் அனுப்பிவிட வேண்டும். அவர்கள் வயது எல்லை ஒன்று வைத்திருந்தார்கள். அடுத்த பிறந்தநாளோடு நான் அதைத் தாண்டிவிடுவேன். அதனால் இந்த முறை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று எனக்கு இல்லை.

கொழும்பிலுள்ள பரீட்சை நிலையத்தில் அந்த மாதம் இடமில்லை. வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. அதிலும் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை காலை.

கண்டி மஹய்யாவயில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர் சிவா, அவருடைய அம்மா. மாமி மாநகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிவா வேலை செய்த சாமான் கடையை நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் மூடிவிட்டார்கள். பிறகு அவர் யாருடையதோ ஒரு த்ரீவீலரை ஓட்டினார். நான் முதலில் போய், பிறகு அவரைக் கூப்பிட்டுக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். மாமியைப் பற்றி என்ன பேசினோம் என்று கேட்டால், எதுவும் பேசவில்லை.

பரீட்சை விதிகளை இரண்டு முறை படித்தேன். அறையில் நான் தனியாக இருக்க வேண்டும். வேறு குரல் கேட்கக் கூடாது. யாராவது உள்ளே வந்தால் அந்த இடத்திலேயே முடித்துவிடுவார்கள். கேமரா முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மஹய்யாவயில் ஒரு மனுஷி சத்தமில்லாமல் தனியாக இருப்பதாவது! சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினால் எங்கள் வீட்டுக் கட்டில் வரை கேட்கும். இந்தச் சத்தங்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் நான் நாள் கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். கணினியைப் பற்றி யோசிக்கவே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போன வகுப்பு

கணினி என்றால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அதற்குக் காரணம் கண்டியில் நான் படித்த கணினி வகுப்பு.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் அந்த வகுப்பு நடந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே ஏசி குளிரும் புது ரப்பர் வாசமும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி. மவுஸைப் பிடிக்க என் முறை வரும்போது கை வியர்த்து அது வழுக்கும்.

அந்த வகுப்பு சார் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒன்றுதான். "முறையா மூடாம சுவிச்ச அமத்தினீங்கன்னா எல்லாம் போச்சு. உள்ள இருக்கிறது எதுவுமே திரும்பி வராது." ஒரு நாள் திடீரென்று மின்சாரம் போனபோது என் பக்கத்தில் இருந்த பிள்ளை, தன்னால்தான் ஆகிவிட்டது என்று அழுதுவிட்டாள். சாரும் அவளைத் தேற்றவில்லை.

அதன் பிறகு எத்தனையோ கணினிகளைப் பார்த்துவிட்டேன். பெயர் சொல்லத் தேவையில்லை, பாதி உலகத்தின் மேசைகளில் ஓடும் அதே சிஸ்டம்தான் எங்கள் கிளினிக்கிலும் ஓடுகிறது. அதன் குணம் எனக்கு அத்துப்படி. காலையில் டொக்டர் கதிரையில் உட்கார்ந்து முதல் நோயாளியைக் கூப்பிடும்போதுதான் அதற்குத் தன்னைப் புதுப்பிக்கத் தோன்றும். நேற்று வரை அச்சடித்த பிரிண்டரை இன்று யாரென்றே தெரியாது என்று சொல்லும். ஒரு மூலையில் இருந்த பொத்தானை ஒரு நாள் காலை நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கும், யாரையும் கேட்காமல். பாதி வேலையில் திரை வெளிறிப்போய், பதில் இல்லை என்று எழுதிக் காட்டும். பதில் சொல்ல வேண்டியதே அதுதான்.

வார்டில் ஒரு மெஷின் கத்தினால் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். இது கத்துவதில்லை. மரியாதையாகக் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. அந்த மரியாதைதான் எனக்குப் பயம்.

ரிஸானாவின் லெப்டொப்

எங்கள் வீட்டில் கணினி இல்லை. கிளினிக்கில் மருந்துப் பகுதியைப் பார்க்கும் ரிஸானா தன்னுடைய லெப்டொப்பைத் தந்தாள். அவள் நானா, அதாவது அண்ணன், ஒரு காலத்தில் வாங்கிக் கொடுத்தது. பல மாதமாக அலுமாரிக்குள் கிடந்திருக்கிறது.

"அது கொஞ்சம் மெதுவாத்தான் எழும்பும் ஜெயா. அவசரப்படுத்த வாணாம். நீங்க பாஸ் பண்ணிருவீங்க, நான் துஆ செய்றேன்" என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சிவாவின் போன் டேட்டாவில் இணைத்ததுதான் தாமதம், புதுப்பிக்க வேண்டும் என்று அது நச்சரிக்கத் தொடங்கிவிட்டது. டேட்டா எல்லாம் அதற்கே போய்விடும் என்று சிவா பயந்தார். அதனால் அது கேட்கும் போதெல்லாம் 'பிறகு' என்பதையே அழுத்திக்கொண்டிருந்தேன். வேண்டாத விருந்தாளிக்குச் சாக்குச் சொல்வது போல. அதுவும் போய்விட்டு, திரும்பத் திரும்ப வந்து நின்றது.

பரீட்சைக்கான புரோகிராமைப் போட்டுச் சோதித்தோம். கேமரா வேலை செய்தது. மைக் வேலை செய்தது. திரையில் என் முகமும் தோளுக்குப் பின்னால் சிவாவின் முகமும் தெரிந்தன. சிவா தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மாமி குளித்து, விளக்கேற்றி, லெப்டொப்பைத் திறந்து சாமிப் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். கற்பூரம் காட்டினார். சந்தனம் குழைத்து வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். எங்கள் வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளும் இதிலிருந்து தப்பியதில்லை. பிரிட்ஜ், காஸ் அடுப்பு, ரைஸ் குக்கர், சிவா ஓட்டும் த்ரீவீலர், எல்லாவற்றுக்கும் மாமி பொட்டு வைத்திருக்கிறார்.

"நம்ம பொருளு இல்ல மாமி, ரிஸானாவோடது" என்றேன்.

"நாளைக்கு ஒனக்கு ஒழைக்கப் போவுது, இல்லையா? அப்ப நம்ம பொருளுதான்" என்றார் மாமி.

உங்களைக் காண முடியவில்லை

சனிக்கிழமை காலை அறைக்குள் போகும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மாமி தேத்தண்ணி மட்டும் குடிக்க வைத்தார். சிவா வீட்டிலிருந்த வானொலியின் பிளக்கைக் கழற்றி, கடிகாரத்தின் பேட்டரியையும் எடுத்துவிட்டார். டிக் டிக் சத்தம் கேட்குமாம்.

புரோகிராமைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வேலைகளையெல்லாம் மூடச் சொன்னது. நான் எதையும் திறக்கவே இல்லை. ஆனால் அது பெயர் பெயராகக் காட்டியது. ஒன்றை மூடினால் இன்னொன்று எழும்பியது. ஒருவழியாக எல்லாவற்றையும் அடக்கிவிட்டு நிமிர்ந்தபோது கண்காணிப்பாளரின் செய்தி வந்தது.

"வணக்கம். உங்களைக் காண முடியவில்லை. கேமராவை இயக்குங்கள்."

கேமராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் என் முகம் வர வேண்டிய சதுரம் கறுப்பாக இருந்தது. நான் கையை ஆட்டினேன். கறுப்பு. லெப்டொப்பை ஜன்னல் பக்கம் திருப்பினேன். அப்போதும் கறுப்பு.

"கேமரா ஓன் ஆகித்தான் இருக்கிறது" என்று தட்டச்சு செய்தேன். விரல்கள் எழுத்து மாறி மாறி விழுந்தன.

"சிஸ்டத்தின் கோளாறாக இருக்கலாம். தயவுசெய்து ஒரு முறை அணைத்துத் திரும்பத் தொடங்குங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால் இந்தப் பரீட்சை ரத்தாகும்."

அணைக்கும் இடத்துக்குப் போனேன். வெறுமனே அணைப்பதற்கு அங்கே வழி இல்லை. புதுப்பித்துவிட்டு அணைப்பது, புதுப்பித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது, இரண்டே இரண்டுதான் இருந்தன. இத்தனை நாளும் நான் பிறகு, பிறகு என்று தள்ளிவைத்த அந்த விருந்தாளி வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

வேறு வழி தெரியவில்லை. அழுத்திவிட்டேன்.

முப்பது

அப்படித்தான் அந்த நீலத் திரை வந்தது. முப்பது வரை ஓடி வந்த எண், அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

கதவுக்கு வெளியே சிவாவின் குரல், ரகசியமாக. "ஜெயா, ஆரம்பிச்சிட்டாங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். திரை நீலமாக இருக்கிறது, ஆனால் மைக்? அவர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால்? என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

பரீட்சை தொடங்கிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். "உஷ், ஆரம்பிச்சிட்டாங்க" என்று மாமியிடம் சொல்வதும், இருவரும் அடிமேல் அடி வைத்து விலகுவதும் கேட்டது. இப்போது எனக்கு உதவிக்கும் ஆளில்லை. என் போனையும் விதிப்படி வெளியே கொடுத்துவிட்டிருந்தேன்.

சுவிட்சை அமத்திப் பிடித்தால் அணைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கையும் இரண்டு முறை அதன் மேல் போனது. ஆனால் அந்தப் பழைய சாரின் குரல் காதில் விழுந்தது. எல்லாம் போச்சு, எதுவுமே திரும்பி வராது. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். டெங்குக் காய்ச்சல் காலத்தில், பிள்ளையின் இரத்தப் பரிசோதனை முடிவுக்காக வாசலில் நிற்கும் தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "இப்ப வந்துரும், இருங்க" என்று அவர்களுக்குச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எண் திடீரென்று துள்ளியது. அறுபது, தொண்ணூறு, நூறு. திரை இருண்டது. திரும்ப ஒளிர்ந்து, கிட்டத்தட்டத் தயார் என்றது. அந்தக் கிட்டத்தட்டவும் ஒரு யுகம் போனது. கடைசியில் புது மாதிரிப் படம் ஒன்றைக் காட்டி, தன்னுடைய புது வசதிகளைச் சுற்றிப் பார்க்கிறீர்களா என்று என்னைக் கேட்டது. கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரை வந்தது. மைக்கை நினைத்து விழுங்கினேன்.

புரோகிராமைத் திறந்தேன். கண்காணிப்பாளர் இன்னும் இருந்தார்.

சதுரம் கறுப்பாகவே இருந்தது.

நெற்றி

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது அடுத்த செய்தி வந்தது. "சில கேமராக்களின் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும். திரையின் மேல் விளிம்பில், நடுவில், விரலால் தேடிப் பாருங்கள்."

திரையைப் பார்த்தபடியே விரலால் மேல் விளிம்பைத் தடவினேன். ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. சுரண்டினேன். உதிர்ந்தது. விரலைப் பார்த்தால் சிவப்பு.

குங்குமம். அதற்கு அடியில் காய்ந்துபோன சந்தனம்.

ஒரு பொருளுக்குப் பொட்டு வைப்பதென்றால் மாமி அதன் நெற்றியைத் தேடுவார். லெப்டொப்பின் நெற்றி எங்கே இருக்கிறது? மேலே, நடுவில், சரியாகக் கேமராவின் மேல். காலை முழுவதும் அந்தப் பொட்டு என் கண்ணுக்கு நேரே இருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய ஒன்று கண்ணில் படுமா? எனக்கு அது படவே இல்லை. பழியை எல்லாம் அந்தச் சிஸ்டத்தின் தலையில் போட்டிருந்தேன். அதற்கும் அது தகுதியானதுதான், ஆனால் இந்த ஒன்றை மட்டும் அது செய்யவில்லை.

சால்வை நுனியால் அவசர அவசரமாகத் துடைத்தேன். சதுரத்தில் மங்கலாக ஒரு உருவம் வந்தது, பிறகு தெளிந்தது. என் முகம். வியர்வையைத் துடைத்த கையாலேயே நெற்றி முழுக்கச் சிவப்பை இழுவியிருந்தேன்.

முதல் முறையாகக் கண்காணிப்பாளரின் குரல் கேட்டது. ஒரு பெண். பதறிப்போயிருந்தார். "உங்களுக்கு இரத்தம் வருகிறதா? காயமா?"

"இல்லை. இரத்தம் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என்னவென்று சொல்வது? "இது என் மாமியாரின் ஆசீர்வாதம்" என்றேன்.

இதையே காரணம் காட்டி ரத்துச் செய்துவிடுவாரோ என்று பயந்தேன். "சரி. இப்போது அறையைச் சுற்றிக் காட்டுங்கள்" என்றார்.

லெப்டொப்பைத் தூக்கிச் சுவர்களைக் காட்டினேன். கட்டிலின் அடியைக் காட்டினேன். எழுத்துள்ள எதுவும் கண்ணில் படக் கூடாது என்றார். சாமிப் படம் போட்ட காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டு, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பரீட்சை தொடங்கியது.

தெருவில் பாண் வண்டி

எழுதுவதும் கேட்பதும் முடிந்து, பேசும் பகுதிக்கு வந்தபோது பயம் திரும்பவும் என்னைப் பிடித்தது. தூரத்தில், பேக்கரிப் பாண் விற்கும் த்ரீவீலரின் பாட்டு. எங்கள் தெருவுக்கு அது தினமும் வரும், எங்கள் வாசலில்தான் நிற்கும், ஆட்கள் சேரும் வரை பாட்டை நிறுத்தாது. சத்தம் மேட்டில் ஏறி நெருங்கிக்கொண்டே வந்தது. நான் ஒரு நோயாளியின் உறவினருக்குத் தைரியம் சொல்வது போலப் பேச வேண்டும் என்பது கேள்வி. என் குரலே கெஞ்சுவது போல இருந்தது.

வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு பட்டென்று நின்றது. யாரோ ஓடிய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் பேசி முடித்தேன்.

திரையில் நன்றி என்று வந்தது. பரீட்சை பதிவாகிவிட்டது, முடிவு சில நாட்களில் வரும் என்றது. நான் லெப்டொப்பை மூடவில்லை. முறையாக அணைத்தேன். இந்த முறை அது ஒன்றும் கேட்காமல் அணைந்தது.

கதவைத் திறந்தபோது

தாழ்ப்பாளை எடுத்தேன். கதவுக்கு நேர் எதிரே தரையில் மாமி உட்கார்ந்திருந்தார். கதவிலிருந்து விலகி வந்து உட்கார்ந்த அந்த இடத்தை விட்டு அவர் அசையவில்லை என்பது பக்கத்தில் ஆறிக் கிடந்த தேத்தண்ணியைப் பார்த்தாலே தெரிந்தது. சிவா வாசலிலிருந்து மூச்சு வாங்க வந்தார். கையில் இரண்டு இறாத்தல் பாண்.

"எப்பிடி?" என்றார்.

"நல்லா செஞ்சிருக்கேங்க" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது நிச்சயமானது. நன்றாகத்தான் செய்திருந்தேன்.

சிவா பாணை மேசையில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து உலுக்கினார். "சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமி எழும்பவில்லை. தரையில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நீ போயிருவ" என்றார்.

"இன்னும் ரிசல்ட் வரலையேம்மா" என்று சிவா சிரித்தார்.

"வரும். இவ பாஸாயிருவா. எனக்குத் தெரியும்." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பறம் அவ ஒன்னையும் கூப்பிட்டுக்குவா. அதுதானே சரி."

குரலில் குறையில்லை, கோபமில்லை. கணக்குப் பார்த்து முடித்தவர் போலச் சொன்னார். நானும் சிவாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

காலை முழுவதும் போக முடியாமல் போய்விடுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் என்னைப் பிடித்த பயம் வேறு. நான் போகத்தான் போகிறேன். யாரும் இனித் தடுக்கப் போவதில்லை. இந்த இரண்டு அறை வீட்டில் வானொலியும் கடிகாரமும் இல்லாமல், காலையில் இருந்தது போலவே சத்தமில்லாமல், மாமி தனியாக உட்கார்ந்திருக்கப் போகிறார்.

"மாமி, எழும்புங்க. பாண் சாப்பிடுவோம்" என்றேன்.

மாமி கையை நீட்டினார். பிடித்துத் தூக்கிவிட்டேன். எழுந்து நின்ற பிறகும் அவர் என் கையை விடவில்லை.